காப்புக்காட்டை ஒட்டிய புன்செய்ப் பட்டா: தேவாங்கு இருக்கும் புதரை வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முருங்கைத்தோட்டம் எழுதியது:

வணக்கம். நிலத்தின் விவரம் இது. திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் வட்டம், கடவூர் மலைத்தொடரின் அடிவாரம். 3.40 எக்டேர், அதாவது 8 ஏக்கர் 40 சென்ட் புன்செய்ப் பட்டா. பதினைந்து வருடமாக உழவில்லை. கீழ்ப்பாதி முழுக்கச் சீமைக்கருவேலம். மேற்பாதியில் உசிலை, வெள்வேல், காரை, சூரைப்புதர். மேற்கு எல்லை காப்புக்காடு. மற்ற மூன்று பக்கமும் பழைய கிளுவை வேலி, ஏழெட்டு அடி அகலத்துக்குப் படர்ந்து கிடக்கிறது. மேற்பாதியிலும் வேலியிலும் இரவில் தேவாங்கு நடமாட்டம் உண்டு.

5 ஏக்கரில் சொட்டுநீர் போட்டு முருங்கை வைக்கத் திட்டம். ஜே.சி.பி. வைத்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். கேட்க வேண்டியவை:

1) சொந்தப் பட்டா நிலத்தைச் சுத்தம் செய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
2) 2022-இல் அறிவித்த தேவாங்கு சரணாலயம் பட்டா நிலத்தையும் கட்டுப்படுத்துமா?
3) தேவாங்குக்குச் சேதம் இல்லாமல் வெட்ட முடியுமா, இல்லை முழு நிலத்தையும் அப்படியே விட்டுவிட வேண்டுமா?
4) பிறகு காட்டுப்பன்றிக்கு வேலி போட வேண்டும். அதற்கு ஏதாவது விதி உண்டா?


செம்மண் பதில்:

கீழ்ப்பாதி பற்றி மட்டும் சொல்கிறேன். சமவெளிப் பட்டா நிலத்தில் சீமைக்கருவேலத்தை அகற்றத் தனி அனுமதி வேண்டியதில்லை. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே ஆணையிட்டிருக்கிறது. ஆனால் இறங்குவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, இடையில் வேறு என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். சந்தனம் இருந்தால் தொடவே கூடாது, சின்னக் கன்றாக இருந்தாலும் சரி. பட்டா நிலத்துச் சந்தனம் வனத்துறை வழியாகத்தான் வெட்டப்படும், விற்கப்படும். பனை நின்றால் அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை. பனையைச் சுற்றி இரண்டு மீட்டர் விட்டுவிட்டு உழுவதே எளிது.

வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றுவது வேறு விஷயம். 1968-ஆம் ஆண்டு மர நடமாட்ட விதிகளின்படி சில இனங்களுக்கு விலக்கு உண்டு, மற்றவற்றுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீமைக்கருவேல விறகோடு நாலு துண்டு உசிலை கலந்து ஏற்றிவிட்டுச் சோதனையில் மாட்டுகிற வண்டிகள் அதிகம். அதனால் இனம் பிரித்தே அடுக்கச் சொல்லுங்கள்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் அறுத்தால் அடுத்த மழையிலேயே பத்துக் கிளையாகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. மண்ணுக்குள் ஒரு அடி வரைக்குமாவது தோண்டிக் கழுத்தோடு எடுத்தால்தான் வேலை முடியும். ஜே.சி.பி.க்கு உண்மையான தேவை அங்கே மட்டும்தான்.


அ_பதிவேடு பதில்:

செம்மண் சொன்னது கீழ்ப்பாதிக்குச் சரி. மேற்பாதியை அதே கணக்கில் சேர்த்தால் வழக்கில் போய் முடியும். நம் மாநிலத்தில் ‘நிலம் சுத்தம் செய்யும் அனுமதி’ என்று ஒற்றைத் தாள் கிடையாது. நிலம் என்னவாகப் பதிவாகியிருக்கிறது, எந்த எல்லைக்குள் வருகிறது, எந்த மரம், எந்த உயிரினம் என்று நான்கு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு. இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மற்றவற்றுக்கு விண்ணப்பம் எழுதிப் பயனில்லை.

முதலில் ஆவணம். இ-சேவைத் தளத்தில் சிட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உழவு நின்றதற்கு முந்தைய ஐந்தாறு பசலிக்கான (வருவாய் ஆண்டு) அடங்கல், அதாவது பயிர்க் கணக்கின் நகல் வாங்குங்கள். அ-பதிவேட்டில் புன்செய் என்று இருக்கும். கவனமாகப் பார்க்க வேண்டியது குறிப்புக் கலம். அங்கே காடு, வனம் என்ற சொல்லோ அரசாணை எண்ணோ இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத சட்டம்: 1949-ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். 2 எக்டேருக்கு மேல் தொடர்ச்சியாக உள்ள தனியார் காட்டுக்கு இது பொருந்தும். உங்களுடையது 3.40 எக்டேர், அதுவும் காப்புக்காட்டை ஒட்டியது. இதன் 3-ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது, காட்டின் பசுமை குறையும்படி எதுவும் செய்யக் கூடாது. விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோகூட அனுமதி வேண்டும். மீறி எழுதிய பத்திரம் செல்லாது. பட்டுப்போன, விழுந்த மரத்தை எடுப்பதற்கும், வழக்கமான வீட்டுத் தேவைக்கும், உழவுக் கருவி செய்வதற்கும் மட்டும் விலக்கு. உங்கள் புல எண் இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறதா இல்லையா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழியாக ‘இல்லைங்க, புன்செய்தானே’ என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

மூன்றாவது, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். 1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், உரிமையாளர் யாராக இருந்தாலும் சரி என்றது. 2023 திருத்தம் அதைச் சுருக்கப் பார்த்தது. அந்தத் திருத்தம் 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில், மாநிலங்கள் பதிவுகளைத் தொகுத்து முடிக்கும் வரை பழைய அகராதிப் பொருளே தொடரும் என்று சொன்னது. பதினைந்து வருடம் கிடந்து மரம் அடர்ந்த மேற்பாதியை ஒருவர் ‘காடு’ என்று வாதிட இது இடம் கொடுக்கிறது. பழைய அடங்கலில் சோளம், துவரை, கொள்ளு என்று சாகுபடி எழுதியிருந்தால் அதுவே உங்களுக்கு வலுவான சான்று. அதற்காகத்தான் பசலி வாரியாக நகல் வாங்கச் சொன்னேன்.

நான்காவது மலைக்கிராமப் பட்டியல். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கிராமங்கள் அரசாணையில் பெயர் பெயராக உள்ளன. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதோடு சாகுபடியையும் கட்டுப்படுத்துகிறது. அடிவாரம் என்பதால் தானாக வந்துவிடும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கதவு மூடிவிட்டது.

சரணாலயம் பற்றி: கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சுமார் 11,806 எக்டேர். கடவூர், வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களில் வருகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 29-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் வாழிடத்தை அழிப்பதைத் தடுக்கிறது. அங்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் எதுவும் நகராது. உங்கள் புல எண் அந்த அறிவிக்கையின் அட்டவணையில் இல்லையென்றால் 29-ஆம் பிரிவு நேரடியாக உங்கள்மேல் வராது. ஆனால் சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அறிவிக்கும்போது, மாநில அரசின் உரிய அதிகாரி அனுமதி இல்லாமல் தனியார் நிலத்திலும் மரம் வெட்டக் கூடாது என்பது அந்த அறிவிக்கைகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. அதையும் சேர்த்தே கேளுங்கள்.

இத்தனையையும் அலைந்து கேட்பதைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே மனுவாகப் போடுவது நல்லது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று. புல எண், உட்பிரிவு எண், வருவாய்க் கிராமம், வட்டம் எழுதி, இந்த நிலம் (அ) 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறதா, (ஆ) காடு என அடையாளம் காணப்பட்ட நிலங்களின் பட்டியலில் உள்ளதா, (இ) சரணாலய எல்லைக்குள் அல்லது சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா, (ஈ) மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமக் கிராமமா என்று கேளுங்கள். ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்டால் நிராகரிப்பார்கள். ஆவண நகலாகக் கேட்க வேண்டும்.


கிளுவைவேலி பதில்:

மேலே உள்ள ஆவண வேலையை முடித்துவிட்டு, எல்லாத் தாளும் சாதகமாக வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அ_பதிவேடு சொன்ன நான்கில் கடைசியான ‘எந்த உயிரினம்’ என்ற கேள்வி தீரவில்லை. தேவாங்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற பட்டியலில் உள்ளது. நிலம் யாருடையது என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது, விரட்டுவது எல்லாம் அடங்கும். பறவை, ஊர்வன என்றால் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை உயிரினத்துக்குத் தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியும் பறிமுதலாகும். ஜே.சி.பி. உரிமையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் வேலை தானாகவே இரண்டு வாரத்துக்கு நீளும்.

தேவாங்கு மட்டும் அல்ல. அந்த மாதிரி நிலத்தில் மயில், உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை, அலங்கு (எறும்புத்தின்னி) எல்லாம் இருக்க வாய்ப்பு உண்டு. எல்லாமே முதல் அட்டவணைதான்.

இப்போது முறை. தேவாங்கு எப்படி வாழ்கிறது என்பது தெரிந்தால் முறை தானாக வரும். அது தாவாது. கிளையைப் பிடித்து அடுத்த கிளைக்கு மெல்ல மாறும். கிளைக்கும் கிளைக்கும் தொடர்பு அறுந்தால் தரையில் இறங்கித்தான் போயாக வேண்டும். தரையில் அதை நாய் பிடிக்கிறது, சாலையில் வண்டி ஏறுகிறது. பகலில் முள் அடர்ந்த புதரில் பந்து மாதிரி சுருண்டு தூங்கும். கூடு கட்டாது, அதனால் வெளியே அடையாளமே இருக்காது. சத்தம் கேட்டால் மானோ முயலோ ஓடிவிடும். தேவாங்கு ஓடாது, அசையாமல் கிளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். ‘இயந்திரச் சத்தத்துக்கு எல்லாம் போய்விடும்’ என்ற கணக்கு இதனால்தான் பொய்த்துப்போகிறது. ஜே.சி.பி.யின் வாளி மோதுகிற நொடி வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

முதலில் பகலில் ஒரு நாள் நடந்து, முள் பின்னிய புதர், கொடி ஏறிய மரம், பொந்து, கரையான் புற்று, வளை எல்லாவற்றையும் எண்ணிட்டு வரைபடத்தில் குறியுங்கள். பிறகு தொடர்ந்து மூன்று இரவு, நிலவு வெளிச்சம் குறைந்த நாளாகப் பார்த்து, ஏழு மணி முதல் பத்து மணி வரை இரண்டு பேர் மெல்ல நடக்க வேண்டும். தலைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். வெள்ளை ஒளி அதன் கண்ணைக் கூசவைக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் உங்களுக்கும் தெரியாது. தேவாங்கின் கண் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மின்னும். இரண்டு கண்ணும் நெருக்கமாக, நேராகப் பார்த்தபடி, மெல்ல நகரும். மரநாயின் கண்ணொளி வேகமாக இடம் மாறும். பார்த்த இடத்தை நேரத்தோடு அதே வரைபடத்தில் குறித்து வையுங்கள். எந்த விதியும் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு இணைத்தால் வனச்சரகரின் ஆய்வு சீக்கிரம் முடியும். பின்னால் ஏதாவது புகார் வந்தால் நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

வெட்டும் வரிசைதான் இதில் முக்கியம். பெரும்பாலோர் வேலியை முதலில் எடுத்து, சுற்றிலும் பாதை போட்டு, உள்நோக்கி வருகிறார்கள். அதைவிட மோசமான வரிசை கிடையாது. நடுவில் தீவு மாதிரிப் புதர் நிற்கும், உள்ளே இருப்பது எதுவும் வெளியே போக வழியிருக்காது. உங்கள் நிலத்தில் கிழக்கே, அதாவது காட்டுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, பட்டை பட்டையாக மேற்கு நோக்கி நகருங்கள். ஒரு நாளில் அரை ஏக்கருக்கு மேல் வேண்டாம். நாளின் வேலை முடியும்போது, மீதி நிற்கும் புதர் ஏதாவது ஓரிடத்தில் வேலியோடு கிளை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த இணைப்பு வழியாக இரவில் அது தானே மாறிவிடும்.

கொடியும் முள்ளும் பின்னிய மரம் என்றால் இரண்டு கட்டம். முதல் நாள் சுற்றியுள்ள சின்னப் புதரை எடுத்துவிட்டு, அந்த மரத்தையும் அதை வேலியோடு இணைக்கும் கிளையையும் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் விடிந்ததும், ஆறு ஆறரைக்குள், கீழே நின்று நாலு பக்கமும் பார்த்த பிறகே அறுக்க வேண்டும். விடியும் முன்பே அது தூங்கும் இடத்துக்குப் போய்விடும் என்பதால் அந்த நேரத்துப் பார்வை நம்பகமானது. மரத்தைத் தள்ளிச் சாய்க்க வேண்டாம். மேலிருந்து கிளை கிளையாக இறக்குங்கள்.

வேலைக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது: தேவாங்கு கண்ணில் பட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இருபது மீட்டர் விலக வேண்டும், நாயைக் கட்ட வேண்டும், வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பிடித்துக் காட்டில் விட்டுவிடலாம் என்பது நல்ல எண்ணமாகத் தோன்றும். சட்டத்தில் அதுவும் பிடித்தல்தான். அதைப் பார்ப்பது அபசகுனம் என்று அடித்துப் போடுகிறவர்களும், மாந்திரீகத்துக்கு விலை பேசுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே யார் வேலைக்கு வருகிறார்கள் என்பதிலும் கண் வேண்டும். இரவில் குட்டி மட்டும் தனியாகக் கிளையில் தொங்கினால் அது அனாதை இல்லை. தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும், திரும்பி வரும். எடுத்து வந்துவிடாதீர்கள்.

வெட்டிய முள்ளை எரிப்பது காப்புக்காட்டு ஓரத்தில் கூடவே கூடாது. தீ உள்ளே பரவினால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் தனி வழக்கு. குவித்து நாலைந்து நாள் போட்டு வைப்பதும் தவறு. முள்ளெலி, பாம்பு, உடும்பு எல்லாம் குவியலுக்குள் புகுந்துகொள்ளும், அதன்பின் எடுக்கும்போது நசுங்கும். அன்றே அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் வேலி ஓரமாக நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.


முருங்கைத்தோட்டம் எழுதியது:

மிக்க நன்றி, இவ்வளவு விளக்கம் எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். கரி மூட்டம் போடுகிறவர் ஒருவர் கீழ்ப்பாதியை மொத்தமாகப் பேசி வெட்டித் தர முன்வருகிறார், செலவு மிச்சமாகும். சரியா? இரண்டாவது, அனுமதி வேண்டும் என்று வந்துவிட்டால் விண்ணப்பத்தில் என்ன என்ன இணைக்க வேண்டும்?


செம்மண் பதில்:

கரிக்காரரிடம் விடுவது தவறில்லை, ஒப்பந்தத்தில்தான் கோளாறு வருகிறது. எடைக்குப் பேசினால் கனமான மரம் எதுவோ அதைத் தேடி வெட்டுவார்கள். வேலி ஓரத்து வேம்பும் வெள்வேலும்தான் முதலில் போகும். ஏக்கருக்குப் பேசினால் பருத்ததை எடுத்துக்கொண்டு சின்னதை விட்டுவிடுவார்கள், துளிர்த்து மறுபடி காடாகும். ஏக்கர் கணக்கில் பேசி, வேர்க்கழுத்தோடு எடுத்துத் தருவது வரை வேலை என்று எழுதுங்கள். நிற்க வேண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் மார்பு உயரத்தில் வெள்ளை வளையமும் எண்ணும் போடுங்கள். எண்ணிட்ட மரம் போனால் மரத்துக்கு இவ்வளவு பிடித்தம் என்று தாளில் இருக்க வேண்டும். வேலி எல்லைக்குள் ஐந்து மீட்டருக்குக் கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால் கத்தி போகக் கூடாது என்று சொல்லுங்கள். மூட்டம் உங்கள் நிலத்தில் போட விடாதீர்கள். காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு, பொறுப்பு உங்கள் தலையில்.


அ_பதிவேடு பதில்:

இணைப்புகள்: சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம், அடங்கல், வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதம். முக்கியமானது மரப் பட்டியல். ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, வெட்டப் போகிறீர்களா விடப் போகிறீர்களா என்ற குறிப்பு. ‘மற்றவை சுமார் 50’ என்று எழுதிய பட்டியல் திரும்பி வரும். புலப்படத்தின் மேல் வெட்டும் பகுதியை ஒரு நிறத்திலும் விடும் பகுதியை வேறு நிறத்திலும் காட்டுங்கள். கிளுவைவேலி சொன்ன இரவுக் கணக்கெடுப்பு வரைபடத்தை அதோடு சேருங்கள். தனியார் காடு என்றால் இது மாவட்டக் குழுவுக்குப் போகும். நிராகரித்தால் அரசிடம் மேல்முறையீடு உண்டு.

மேற்கு எல்லையை அளக்காமல் எதையும் தொடாதீர்கள். வருவாய்த் துறைப் புலப்படமும் வனத்துறை வரைபடமும் எல்லையில் சில மீட்டர் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். கற்குவியல் சரிந்து புதர் மூடியிருக்கும். வட்டாட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே கடிதத்தில் கூட்டு அளவை கேட்டு, இரண்டு நில அளவரும் கையெழுத்திட்ட வரைபடம் வாங்குங்கள். உங்கள் பக்கத்து மரம் என்று நினைத்து வெட்டியது காப்புக்காட்டு மரம் என்றாகிவிட்டால் பட்டாவைக் காட்டிப் பயன் இல்லை.


கிளுவைவேலி பதில்:

வேலிக் கேள்வி விட்டுப்போயிற்று. மின்வேலிக்கு 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள் உள்ளன. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் போடுவதற்கு முன்பே வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் நிலம் ஒட்டியே இருப்பதால் விலக்குக்கு வழியில்லை. மின்வாரிய இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்குக் கொடுப்பது எந்த அனுமதியாலும் சரியாகாது. அது ஆளையும் கொல்லும், யானை முதல் அலங்கு வரை எதையும் கொல்லும்.

சூரிய சக்தியில் துடிப்பாக மின்சாரம் தரும் கருவியே என்றாலும் கீழ்க்கம்பியின் உயரத்தைக் கவனியுங்கள். அலங்கு அதிர்ச்சி பட்டதும் கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும், ஆமை ஓட்டுக்குள் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். இரண்டும் விலகாது, துடிப்பு விழுந்துகொண்டே இருக்கும், செத்துப்போகும். ஆகவே மின் ஓடும் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு அடிக்குக் குறையக் கூடாது. பன்றிக்கு அந்த உயரமே போதும். வேலியின் கம்பத்தையும் கம்பியையும் கிளுவைக்கு உள்பக்கமாக, கிளை தொடாத தூரத்தில் போடுங்கள். கிளை கம்பியைத் தொட்டால் மின்சாரமும் வீணாகும், கிளை வழியே வரும் தேவாங்கும் மாட்டும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. முழு நிலத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. கீழ்ப்பாதி 4 ஏக்கர் 20 சென்ட். 5 ஏக்கர் என்ற இலக்கை அதோடு நிறுத்தினால் இழப்பது 80 சென்ட். பி.கே.எம்-1 முருங்கை ரகத்துக்கு இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 செடி, ஆக சுமார் 510 செடி குறைகிறது. கீழ்ப்பாதியைச் சுற்றி வேலியை ஐந்து மீட்டருக்கு அகலப்படுத்த, நிலம் ஏறக்குறைய சதுரம் என்றால், இன்னொரு 25 சென்ட் போகும். இதற்குப் பதிலாக மேற்பாதி பற்றிய சட்டச் சிக்கல் மொத்தமும் விலகுகிறது. 1949-ஆம் ஆண்டுச் சட்டக் குழுவும் வேண்டாம், காடா இல்லையா என்ற வாதமும் வேண்டாம், காப்புக்காட்டு எல்லைப் பிரச்சினையும் நூறு மீட்டர் தள்ளிப்போகும். தேவாங்குக்கும் காட்டோடு ஒட்டிய நாலு ஏக்கரும், அதிலிருந்து கீழே இறங்கும் இரண்டு வேலிகளும் அறுபடாமல் கிடைக்கும். அனுமதி கிடைத்தாலும் மேற்பாதியைத் தொடாமல் விடுவதே என் கருத்து. உசிலையும் வெள்வேலும் அந்த அளவுக்கு வளர இன்னொரு பதினைந்து வருடம் ஆகும்.

டிராக்டர் போக வேலியில் வழி விட வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் அகலம் வேண்டாம், ஒரே ஒரு வழி போதும். இரண்டு பக்கத்து மரமும் மேலே கிளை கோத்து நிற்கிற இடமாகப் பார்த்து, கீழ்க்கிளையை மட்டும் கழித்து வழி எடுங்கள். டிராக்டருக்குப் பதின்மூன்று அடி உயரம் இருந்தால் தாராளம். மேலே கிளை சேராவிட்டால், சேரும் வரைக்கும் தடித்த தேங்காய் நார்க்கயிறு இரண்டை ஓரடி இடைவெளியில் இழுத்துக் கட்டி, இரண்டு முனையும் இலை அடர்ந்த கிளைக்குள் போய் முடியும்படி செய்யுங்கள். நைலான் கயிறு வேண்டாம், பிடி வழுக்கும். முருங்கைக்கு மருந்து அடிக்கும்போது வேலி ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். தேவாங்கு தின்பது பெரும்பாலும் பூச்சிதான்.


முருங்கைத்தோட்டம் எழுதியது:

மேற்பாதியை விட்டுவிடுகிறோம். 4 ஏக்கருக்குத் திட்டத்தை மாற்றி, அடங்கல் நகலுக்கும் கூட்டு அளவைக்கும் இந்த வாரமே மனு கொடுக்கிறோம். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் இதே இழையில் புல எண் இல்லாமல் பதிவிடுகிறேன். அதுவரை ஜே.சி.பி. வராது.